கவுதாரித் துப்பாக்கி காலமானது

ஒற்றைக் குழல். நட்டு நிறுத்தினால் வளர்ந்த ஆளின் மார்புக்கு வரும். கருமருந்தையும் ரவையையும் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்தால்தான் வெடிக்கும். அரசாங்கக் காகிதத்தில் இதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். ஊர்ப்புறத்தில் நாட்டுத் துப்பாக்கி. எங்கள் பக்கத்தில் கவுதாரித் துப்பாக்கி. இருநூறு வருஷம் போல வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

மலையடிவாரங்களில் உரிமம் இல்லாமல் ஒளிந்து கிடப்பவை இன்னும் உண்டு. காவல்துறையும் வனத்துறையும் அறிவிப்புச் செய்தால், ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பொதுவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் சொல்வது அவற்றை அல்ல. விடிகாலையில் தோளில் சாத்திக்கொண்டு, எதிரே வருகிறவர் கேட்டால் “சும்மா கவுதாரிக்குத்தானுங்க” என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு போன வாழ்வு இருந்ததே, அது முடிந்துவிட்டது. அதற்கு யாரும் இரங்கல் எழுதியதாகத் தெரியவில்லை. இரங்கல் என்றால் செத்தவரைப் புகழ வேண்டும் என்பது நம் வழக்கம். என்னால் பாதிதான் முடியும்.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் பெல்ஹெல்வி என்ற ஊரில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்றொரு பாதிரியார் இருந்தார். வாத்து வேட்டைப் பிரியர். அன்றைய துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்து, வெளியே இருக்கும் கிண்ணியில் மருந்து பற்றி, அந்த நெருப்பு துளை வழியே உள்ளே போனபிறகுதான் ரவை கிளம்பும். வெளிச்சமும் புகையும் முந்திக்கொள்ளும். அதைக் கண்ட வாத்து விலகிவிடும். பாதிரியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தட்டினாலே வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச காலத்தில் அந்த மருந்து சின்னச் செப்புத் தொப்பிக்குள் போய், நம்மூரில் ‘கேப்பு’ என்று வந்து சேர்ந்தது. ஆக, பறவை தப்பித்த எரிச்சலில் பிறந்த வம்சம் இது. பிறந்த பிறகும் பறவை தப்பித்துக்கொண்டேதான் இருந்தது.

ஐரோப்பியர்கள் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிக்கு மாறிப் போனார்கள். இங்கே 1878 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. உரிமம் வாங்கிய குடியானவன் கைக்கு எட்டியது பெரும்பாலும் இந்த ஒற்றைக் குழல்தான்.

காங்கயம், தாராபுரம், மூலனூர் சுற்றுவட்டாரத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வேட்டையின் களம் புரியும். கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை வேலி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று விட்ட மேய்ச்சல் காடு அது. வேலியடி கவுதாரியின் ராஜ்ஜியம். விடியும்போது ஒன்று ஆரம்பித்தால் காடு முழுக்கப் பதில் வரும். பறப்பதைவிட ஓடுவதில்தான் அதற்கு நம்பிக்கை. காலடிக்கு வந்தாலொழிய எழும்பாது. எழும்பினால் பொட்டென்று, நெஞ்சு அதிர எழும்பும். அந்த அதிர்ச்சியில் விசையில் இருந்த விரல் தானாக மடங்கி, தன் செருப்பு முனையைத் தானே சுட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

என் பெரியப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. அவர் கெட்டிப்பதைப் பார்ப்பது ஒரு சடங்கு பார்ப்பது. முதலில் குழலுக்குள் வாயால் ஊதி, காற்று மறுபக்கத் துளையில் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு அளவுக் குப்பியில் மருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் துவரமார்க் கரி கொஞ்சம் கூட, கந்தகம் கொஞ்சம் குறைய. அதன்மேல் உருட்டிய தேங்காய் நார். கம்பியை விட்டு இடிப்பார். சரியாகக் கெட்டித்திருந்தால் மேலிருந்து போடும் கம்பி துள்ளும்; துள்ளும்வரை இடி ஓயாது. பிறகு ரவை ஒரு குத்து, மறுபடி கொஞ்சம் நார், மெல்ல ஒரு அழுத்து. கடைசியில்தான் கேப்பு. கேப்பை முதலில் மாட்டுகிறவன் வேட்டைக்காரன் இல்லை, மடையன் என்பார். அந்தக் கம்பியில் கத்தியால் கீறிய ஒரு கோடு இருந்தது. வெறுங்குழலில் விட்டால் கோடு வாயோடு நிற்கும். கோடு மேலே தெரிந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். வாய் வழியாகத் தின்னும் துப்பாக்கி உண்டதா பட்டினியா என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

ஒருநாள் பனி கொட்டிய காலை. கடவு ஓரத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா முட்டி போட்டு, குதிரையை இழுத்து, விசையைத் தட்டினார். ‘டிக்’. கேப்பு வெடித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை. கவுதாரிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் வேலிக்குள் நடந்து போயின. இந்த இடத்தில் ஒரு விதி உண்டு: குழலை இறக்காதே, திருப்பாதே, பொறு. மருந்து ஈரமாக இருந்தால் உள்ளே கனிந்துகொண்டிருக்கும். பெரியப்பா விதிப்படி அசையாமல் இருந்தார். அசைந்தது மாமா, பெரியம்மாவின் தம்பி. வேலிக்கு அந்தப் பக்கம் பறவை எழுப்ப நின்றிருந்தவர், சத்தம் வராததைப் பார்த்துக் கடவு வழியாகத் தலையை நீட்டினார்.

“என்னுங் மச்சான், நமுத்துப் போச்சுங்களா?”

அப்போதுதான் வெடித்தது.

புகை விலகினபோது மாமா இருந்தார். தலைப்பாகை பின்னால் கிடந்தது. உருமாலில் ஓட்டைகள். மனுஷனுக்கு ஒரு கீறல் இல்லை. இரண்டு பேரும் பேசாமல் வீட்டுக்கு வந்து, பேசாமல் சோறு தின்றார்கள். பெரியம்மா உருமாலை விரித்துப் பார்த்துவிட்டு, “இதைத் தைக்கறதுங்களா, இல்ல வெளக்குத் திரிக்குக் கிழிக்கறதுங்களா?” என்று கேட்டதுதான் அன்றைய ஒரே பேச்சு. அதன்பிறகு மாமா எந்தக் கல்யாணத்திலும் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பந்தியில்கூடப் பக்கத்து இலைதான். கதை மட்டும் வளர்ந்தது. நான் சின்னப் பையனாகக் கேட்டபோது உருமாலில் நாலைந்து ஓட்டை. கல்லூரிக்குப் போகும்போது சல்லடை.

இப்படி ஒரு கதை இல்லாத துப்பாக்கி வீடே கிடையாது. வெடிக்காமல் போனதை மறந்து, மேலேயே இன்னொரு மருந்து கெட்டித்து, குழல் வாழைப்பூவாய் விரிந்தது. முதல் வெடியின் கங்கு உள்ளே மிச்சமிருக்க, அவசரத்தில் மருந்தைக் கொட்டினவரின் உள்ளங்கை வெந்தது. கம்பியை எடுக்க மறந்து சுட, கம்பி ஈட்டியாகப் பறந்து பக்கத்துக் காட்டுப் பனையில் நின்றது. கேப்பு கிடைக்காத காலத்தில் தீக்குச்சி மருந்தைச் சுரண்டி வைத்து, அது சுரண்டும்போதே பற்றியது. ரவை பட்ட கவுதாரியைக் குழம்பு வைத்து, அந்த ரவை கடவாய்ப் பல்லில் மாட்டியது எல்லார் வீட்டிலும் நடந்த சமாசாரம். அதை விபத்துக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

விபத்தை முழுசாக வாங்கினவர்கள் நரிக்குறவர்கள். கவுதாரியின் குரலில் கவுதாரியையே கூப்பிடத் தெரிந்தவர்கள் அவர்கள். கூண்டில் வளர்த்த பறவையை வைத்துக் காட்டுப் பறவையை வரவழைக்கத் தெரிந்தவர்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக இருந்தது அவர்களுக்கு அன்றாடச் சோறு. துப்பாக்கியும் அதற்கேற்றாற்போல்தான் இருக்கும். குழலில் கம்பிச்சுற்று, கட்டையில் தோல்கட்டு. வலது கையில் விரல் குறைந்த பெரியவர்களை அவர்களிடையே பார்த்திருக்கிறேன். கேட்டால் சிரிப்பார்கள். ஜிம் கார்பெட்டும் சிறுவனாக இருந்தபோது இப்படிப்பட்ட ஒன்றோடுதான் காடு சுற்றியதாக எழுதியிருக்கிறார். இரட்டைக் குழலில் ஒன்று பிளந்துபோய், கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் கட்டி நிறுத்திய துப்பாக்கி. பின்னால் புலிகளைச் சந்தித்தவர், அதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கியிடமிருந்து தப்பித்திருக்கிறார்.

பறவை வேட்டையில் மனிதனை மனிதன் சுடுவதற்குக் காரணம் எளிமையானது. புலியை நின்று சுடுகிறோம். காடையையும் கவுதாரியையும் திரும்பிச் சுடுகிறோம். காடை பெரும்பாலும் தாழ்வாகத்தான் பறக்கும். எழும்பினதும் குழல் அதன் பின்னாலேயே வளைந்து போகும். பறவை மட்டும்தான் கண்ணில் இருக்கும். அது கடந்து போகிற வரப்பில் யார் நிற்கிறார் என்பது கண்ணில் இருக்காது. “பறவைக்கு அடியில வானம் தெரிஞ்சாத்தான் சுடோணும்” என்று பெரியப்பா சொல்வார். 2006 பிப்ரவரியில் டெக்சாஸ் பண்ணையொன்றில் காடை வேட்டைக்குப் போன அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, எழும்பிய காடையின் பின்னாலேயே திரும்பி, உடன் வந்த 78 வயது வழக்கறிஞர் நண்பரின் முகத்திலும் மார்பிலும் ரவையை இறக்கினார். நண்பர் பிழைத்தார், ஒரு ரவை இதயத்தருகே போய் லேசான மாரடைப்பும் வந்தது. அந்தச் செய்தி நம் பத்திரிகைகளில் வந்தபோது எங்கள் ஊரில் பழைய வேட்டைக்காரர்கள் எவரும் ஆச்சரியப்படவில்லை. வானம் பார்க்கலை, அவ்வளவுதான்.

சுட்ட பிறகு ஆபத்து முடிந்துவிடும் என்றும் இல்லை. சிறகில் மட்டும் ரவை பட்ட கவுதாரி விழுந்த இடத்தில் கிடக்காது, எழுந்து ஓடும். பின்னால் ஓடுகிறவன் புல்லைத்தான் பார்ப்பான். கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கியவை. மேட்டுக்காட்டில் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்காது. தண்ணீர் இருந்த வருஷமானால் நனைந்து ஏறினான். இல்லாத வருஷத்துக் கதைகளை யாரும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. கிளுவை வேரடியில் விழுந்த பறவையை எடுக்கக் கை விட்டவர்களுக்கு இன்னொரு காவலாளி, கண்ணாடி விரியன். அது சீறினால் புண்ணியம். பறவையை அதற்கே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தத் துப்பாக்கியின் குறைதான் பறவைக்கு இருந்த காவல். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்கு ஊதி, கொட்டி, இடித்து, கேப்பு மாட்டிக் கை பழகினவனுக்கும் நேரம் பிடிக்கும். அதற்குள் கூட்டம் அடுத்த காட்டுக்குப் போயிருக்கும். பனி பெய்தால் வேட்டை இல்லை, மழை பெய்தால் இல்லை, காற்று எதிரடித்தால் புகையில் கண் தெரியாது. சுடுகிறவனுக்குத் தன் கைமேலும் கண்மேலும் பயம் இருந்தது. பயம் இருக்கிறவன் ஒரு காலையில் ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு வெடியோடு வீட்டுக்கு வந்துவிடுவான்.

பயம் நீங்கிய துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு ராஜஸ்தான் பரத்பூரில் கல்வெட்டே இருக்கிறது. 1938 நவம்பர் 12-ல் வைஸ்ராய் லின்லித்கோ கௌரவ விருந்தினராக வந்த வாத்து வேட்டை. ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. மகாராஜா மெனக்கெட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல், நிரப்பிக் கொடுக்க ஆள், எடுத்துவர ஆள், உட்கார மறைவிடம். எதுவும் நமுக்கவில்லை, எதுவும் பிளக்கவில்லை. அந்தக் கல்லில் இருப்பது எண்ணிக்கைதான், கதை இல்லை. அதே சதுப்பு பின்னால் கேவலாதேவ் தேசியப் பூங்காவாகி, 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்வெட்டையும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான்; பார்க்கிறவன் பார்க்கட்டும்.

இதை வைத்து நாட்டுத் துப்பாக்கிக்குக் கோயில் கட்டிவிடக் கூடாது. அதுவும் கொன்றது. குஞ்சு பொரிக்கிற மாசம் என்று பார்த்து நிறுத்தினவர்கள் இருந்தார்கள், நிறுத்தாதவர்களும் இருந்தார்கள். தமிழகத்துப் புல்வெளிகளிலிருந்து கானமயில் அற்றுப்போனதில் துப்பாக்கிக்கும் ஒரு பங்கு உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். துப்பாக்கியைவிடப் பறவை லாபம் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

சட்டம் பிறகு வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் சிறு வேட்டைக்கு உரிமம் என்று ஒன்று இருந்தது. 1991 திருத்தம் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டது. அன்றோடு கவுதாரித் துப்பாக்கி சட்டப்படி வேலையற்றுப் போனது. உரிமம் மட்டும் பயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் சிலரிடம் தங்கியது. அதிலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் எடுத்துவர வேண்டும். வருஷக்கணக்காக வெடிக்காத துப்பாக்கிக்கு, ஸ்டேஷனுக்குப் போய் வருவதே நடமாட்டமாக இருந்தது. குடியானவனுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. பண்ணைக் கோழி கறிக்கடைக்கு வந்துவிட்டது. 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து ஜப்பானியக் காடை இந்தியாவுக்கு வந்தது. சென்னை நந்தனம் ஆராய்ச்சி நிலையம் தன் பெயரிலேயே காடை இனம் வெளியிட்டது. இன்று நெடுஞ்சாலைக் கடையில் ‘காடை 65’ தின்கிறவனுக்கு ரவை கடிபடும் பயம் இல்லை. அடிபட்டது நரிக்குறவர்கள்தான். தொழிலை ஒரே கையெழுத்தில் எடுத்துக்கொண்டார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை காக்க வைத்தார்கள். இடைப்பட்ட காலத்துக்கு ஊசிமணி பாசிமணி விற்றுக்கொள்ளச் சொன்னோம்.

துப்பாக்கி போனபிறகு கவுதாரி பெருகியிருக்க வேண்டும் அல்லவா? சில காட்டில் பெருகித்தான் இருக்கிறது. மற்ற இடத்தில் காடே இல்லை. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தாயிற்று, பிறகு மனை பிரித்தாயிற்று. இருக்கிற காட்டில் வலை வந்தது. வலைக்குப் புகை இல்லை, சத்தம் இல்லை, கூட்டத்தோடு அள்ளும். பயிரைக் காக்கிறேன் என்று குருணை மருந்து கலந்து வைத்த தானியத்தைத் தின்று மயில் சாகிறது, கூடவே கவுதாரியும். இதில் எதிலும் வைக்கிறவன் கை வேகாது.

அன்னாரின் உறவினர்கள் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். குடகில் கைல்போத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூசை செய்கிறார்கள்; அங்கே குடகருக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. தம்பி முறையான ஏர்கன் வடகிழக்கில் நிறையச் சிட்டுகளைத் தின்றது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாமாகவே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா தவறிய பிறகு, உரிமம் அவரோடு போய்விட்டதால், துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லித் தாக்கீது வந்தது. உத்திரத்தில் மாட்டியிருந்ததை இறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். வாங்கிக்கொள்ள இருந்த ஏட்டு முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “உள்ளே மருந்து இருக்கா?” அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அறையில் இருந்த எல்லாரும், குழல் வாய் தங்கள் பக்கம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சிரத்தையாக இடம் மாறினார்கள். கம்பியை எடுத்து வரச் சொல்லி வீட்டுக்கு ஆள் போனது. விட்டுப் பார்த்தோம். கோடு வாய்க்கு மேலே நாலு விரல் நின்றது.

அவர் கடைசியாக எப்போது கெட்டித்தார், எதற்காகக் கெட்டித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷமாகக் குழந்தைகள் அதன் கீழேதான் பாய் போட்டுப் படுத்தார்கள். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, நுனியில் திருகு வைத்த கம்பி ஒன்றைத் தேடிப் பிடித்து, நாரைப் பிடுங்கி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெளுத்துப்போன ரவை கொஞ்சம், சேறாகிவிட்ட மருந்து கொஞ்சம். ரசீதில் ‘ஒற்றைக் குழல், ஒன்று, உபயோகமற்றது’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கெட்டிக்கும் கம்பியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று அண்ணன் கேட்டான். ரசீதில் கம்பியைப் பற்றி எதுவும் இல்லை. பெரியம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டார், சலதாரை அடைத்தால் குத்தி விடுவதற்கு ஆகும் என்று.